ஓல்ட் ஃபோர்ஜ் பீட்சாவும் அந்த நிலக்கரி ஊரும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஸ்க்ரான்டன் பக்கம் குடியிருக்கறதால சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ்னு யார் வந்தாலும் "இங்க ஏதோ ஊர்ல சதுர பீட்சா ஃபேமஸாமே"ன்னு ஆரம்பிச்சு கேள்வி மேல கேள்வி வரும். திரும்பத் திரும்பச் சொல்றதுக்கு ஒரு தடவ எழுதி வச்சுடலாம்னு தோணுச்சு. ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், இத வெறும் சாப்பாட்டு விஷயமா மட்டும் எழுத எனக்கு மனசு வராது. அந்த பீட்சா ஏன் ட்ரேல வருது, ஏன் எல்லாம் குடும்பக் கடையா இருக்கு, ஏன் வெள்ளிக்கிழமைன்னா அவ்ளோ கூட்டம், எதக் கேட்டாலும் பதில் அந்த ஊர் தரைக்கு அடியில இருந்த நிலக்கரிலதான் போய் நிக்கும்.

முதல்ல இந்த ஓல்ட் ஃபோர்ஜ் எங்க இருக்கு?

அமெரிக்கால பென்சில்வேனியா மாநிலத்தோட வடகிழக்கு மூலைல, லாக்கவானா கவுண்டில. ஸ்க்ரான்டனுக்கும் பிட்ஸ்டனுக்கும் நடுவுல, லாக்கவானா ஆத்தங்கரைல இருக்கற சின்ன ஊர். ஜோ பைடன் பொறந்த ஊர் ஸ்க்ரான்டன்னு சொன்னா நெறைய பேருக்கு டக்குனு புரியும், அதுக்குத் தெக்கால கார்ல கொஞ்ச நேரம்தான். நியூயார்க்லேர்ந்தும் ஃபிலடெல்ஃபியாலேர்ந்தும் ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல வந்துடலாம். இப்ப 8,000 சொச்சம் பேர் இருக்காங்க. 1930 வாக்குல 12,000 பேருக்கு மேல இருந்த ஊர் இது, அந்த வித்தியாசம் எங்க போச்சுங்கறதுதான் கீழ சொல்லப்போற கதைல பாதி. இவ்ளோ சின்ன ஊருக்கு மெயின் ஸ்ட்ரீட்ல ஒண்ணுக்கு எதிர்ல ஒண்ணுன்னு பீட்சா கடைங்க, தங்கள உலகத்தோட பீட்சா தலைநகரம்னே சொல்லிக்கறாங்க.

ஊர் பேருக்கு என்ன காரணம்?

1789ல வில்லியம் ஹூக்கர் ஸ்மித்னு ஒரு டாக்டரும் ஜேம்ஸ் சட்டனும் சேந்து ஆத்தோரமா ஒரு இரும்புப் பட்டறை போட்டாங்க. அது ரொம்ப நாள் ஓடல. பட்டறை போச்சு, "பழைய பட்டறை"ங்கற அர்த்தத்துல ஓல்ட் ஃபோர்ஜ்ங்கற பேரு மட்டும் நெலச்சுடுச்சு. 1899ல தனி பரோவா ஆச்சு, நம்ம ஊர் கணக்குல பேரூராட்சின்னு வச்சுக்கோங்க.

பீட்சாவுக்கும் நிலக்கரிக்கும் என்ன சம்பந்தம்?

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

அமெரிக்கால ஆந்த்ரசைட்னு சொல்ற கெட்டி நிலக்கரி கிட்டத்தட்ட மொத்தமும் இந்த வடகிழக்கு பென்சில்வேனியாலதான் இருக்கு. புகை கம்மி, சூடு ஜாஸ்தி, அதனால நியூயார்க் ஃபிலடெல்ஃபியா மாதிரி பெரிய ஊர்கள்ல குளிர்காலத்துக்கு வீட்ட சூடு பண்ண அததான் எரிச்சாங்க. 1917ல ஒரே வருஷத்துல 10 கோடி டன் கிட்ட வெட்டி எடுத்தாங்க, உச்சத்துல இருந்தப்ப 1,80,000 பேர் வாக்குல இந்தத் தொழில்ல இருந்தாங்க. முதல்ல வேல்ஸ், இங்கிலாந்து, அயர்லாந்து ஆளுங்க வந்தாங்க, அப்புறம் போலந்து, லித்துவேனியா, ஸ்லோவாக்கியா பக்கத்துலேர்ந்து வந்தாங்க, அவங்களோட சேந்து 1880கள்லேர்ந்து முதல் உலகப் போர் வரைக்கும் இத்தாலிக்காரங்க கப்பல் கப்பலா வந்து இறங்கினாங்க. ஓல்ட் ஃபோர்ஜ்ல வந்து குடியேறினவங்கள்ல நெறைய பேரு இத்தாலிக்காரங்க, அதுல பல குடும்பங்களுக்குப் பூர்வீகம் தெக்கு இத்தாலில சலேர்னோ பக்கம் ஃபெலித்தோன்னு ஒரு மலைக் கிராமம். இன்னிக்கும் ஊர்ல ஃபெலித்தீஸ் சங்கம்னு ஒண்ணு இருக்கு, கோடை முடியற நேரத்துல திருவிழா நடத்துறாங்க, அந்தக் கிராமத்து ஃபுசில்லி பாஸ்தாவ செய்றாங்க.

வேலை எப்படி இருந்துச்சுன்னா, காலைல இருட்டுல கீழ எறங்குனா சாயங்காலம் இருட்டுலதான் மேல வர்றது. பத்துப் பன்னெண்டு வயசுப் பசங்க பிரேக்கர்னு சொல்ற கட்டடத்துல சரிவுல ஓடி வர்ற கரிலேர்ந்து கல்லப் பொறுக்கணும், கையெல்லாம் கிழிஞ்சு வீங்கிப் போகும். லூயிஸ் ஹைன்ங்கற போட்டோகிராஃபர் 1911 ஜனவரில பக்கத்து பிட்ஸ்டன்ல அந்தப் பசங்கள எடுத்த போட்டோக்கள நீங்க கண்டிப்பா எங்கயாவது பாத்திருப்பீங்க, மூஞ்சி முழுக்கக் கரி, கண்ணு மட்டும் தெரியும். 1902ல ஒன்றரை லட்சம் பேர் கிட்ட அஞ்சு மாசத்துக்கு மேல ஸ்ட்ரைக் பண்ணாங்க, குளிர்காலம் நெருங்குது ஊருக்கெல்லாம் கரி இல்லன்னு ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே நடுவுல வந்தாரு, கமிஷன் போட்டாங்க, ஸ்க்ரான்டன்ல விசாரணை நடந்துச்சு, தொழிலாளிங்க பக்கம் வாதாடினது கிளாரன்ஸ் டாரோங்கற பேர் போன வக்கீல். கடைசில 10 சதவீத சம்பள உயர்வும் 10 மணி நேர வேலை 9 மணி நேரமா குறைஞ்சதும் கிடைச்சுது.

இவ்ளோ கஷ்டத்துல அந்த வீட்டுப் பொம்பளைங்க பட்ட பாட்ட யாரும் சரியா எழுதி வைக்கலங்கறது என் ஆதங்கம். புருஷன் சம்பளம் பத்தாம வீட்ல நாலு பேர வாடகைக்கு வச்சுக்கிட்டு அவங்களுக்கும் சேத்து சமைச்சுப் போட்டவங்க எத்தனையோ பேர். கழிவுக் கரி மேட்டுல பிள்ளைங்களோட போய் நல்ல கரியப் பொறுக்கிட்டு வந்து அடுப்பெரிச்சாங்க. ரொட்டிக்கு மாவு பிசையறது தினப்படி வேல. அந்த ரொட்டி மாவத் தட்டுல பரப்பி மேல தக்காளியும் சீஸும் போட்டா பீட்சா. அதனாலதான் நான் சொல்றேன், இது சமையக்காரர் யாரோ கண்டுபிடிச்ச ஐட்டம் இல்ல, வீட்டுச் சமையல்.

முதல்ல போட்டது யாரு?

ஊர்ல எல்லாரும் சொல்றது 1926ல கிஜியரெல்லி குடும்பத்துக் கடைலதான்னு. சீட்டாட வந்து உக்காந்திருக்கற சுரங்கத் தொழிலாளிங்களுக்குப் பசிக்குமேன்னு அந்த வீட்டுப் பாட்டி பின்னாடி அடுப்பாங்கரைல ட்ரேல பீட்சா போட்டுக் குடுக்க ஆரம்பிச்சாங்க, அது பரவிடுச்சுன்னு கதை. ஊர்க்கதைதான், ஆனா நான் அத நம்புறேன், ஏன்னா மத்த எல்லா விவரமும் அதோட பொருந்தி வருது. ட்ரேல ஒரே நேரத்துல பெருசா ஒண்ணு போட்டு எடுத்து துண்டு போட்டு நடுவுல வச்சா ஆட்டத்த நிறுத்தாம ஒரு கைல எடுத்துச் சாப்பிடலாம்.

காலத்தையும் பாருங்க. நியூயார்க்ல லொம்பார்டி கடை 1905, நியூ ஹேவன்ல ஃப்ராங்க் பெப்பே 1925. அப்ப அமெரிக்கால பீட்சாங்கறது இத்தாலிக்காரங்க தெருவத் தாண்டாத சாப்பாடு. பீட்சா ஹட் 1958ல, டாமினோஸ் 1960லதான் வருது. அதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே இந்தக் குட்டி ஊர்ல தனக்குன்னு ஒரு பாணி உருவாகிடுச்சு.

கடைங்க எல்லாம் நெஜமாவே குடும்பக் கடையா?

ஆமா, கடை பேரப் பாத்தாலே தெரியும், கிஜியரெல்லி, ரெவெல்லோ, சலேர்னோ, அர்கரோ அண்ட் ஜெனெல், எல்லாம் ஆளுங்களோட குடும்பப் பேரு. அர்கரோ அண்ட் ஜெனெல் 1962ல ஆரம்பிச்சது. பெரும்பாலும் பாதி பார், பாதி சாப்பாட்டுக் கடைங்கற அமைப்பு, அதுவும் அந்தப் பழைய காலத்தோட தொடர்ச்சிதான்.

குடும்பக் கடைன்னா என்ன வித்தியாசம்னு கேட்டா, சாஸ் ரெசிபி வெளிய போகாது. எந்தெந்த சீஸ் எவ்ளோ கலக்கறாங்கன்னு கேட்டா சிரிச்சுட்டு அடுத்த ஆர்டருக்குப் போயிடுவாங்க. அதனால ஒரே தெருவுல இருக்கற ரெண்டு கடைக்கும் ருசி நிச்சயமா வேறயா இருக்கும், ஊர்க்காரங்க எந்தக் குடும்பம் எந்தக் கடைன்னு தாத்தா காலத்துலேர்ந்து பிரிஞ்சு நிப்பாங்க.

பீட்சா எப்படி இருக்கும்? நம்ம டாமினோஸ்ல வர்ற மாதிரியா?

சுத்தமா வேற. செவ்வக ட்ரே. மாவு ரொம்ப மெல்லிசும் இல்ல, ரொம்ப தடிமனும் இல்ல. ஒரு துண்ட எடுத்துத் திருப்பிப் பாத்தீங்கன்னா அடிப்பக்கம் எண்ணெய் பட்டு பொன்னிறமா மொறுமொறுன்னு இருக்கும், ஆனா நடுவுல விண்டா காத்தோட்டமா பஞ்சு பஞ்சா சின்னச் சின்ன ஓட்டை தெரியும், வாய்ல கனமா தங்காது. ட்ரேல தாராளமா எண்ணெய் விட்டு அதுலயே மாவப் பரப்பி பொங்க விடறதால வர்ற குணம் அது. ஓரத் துண்டு கெடச்சா ரெண்டு பக்கம் மொறுமொறுப்பு, வீட்ல சண்டை அதுக்குத்தான்.

சாஸ் கொஞ்சம் இனிப்பு வாடை உள்ளது, வெங்காயம் போட்டு கொதிக்க வச்சது, நாக்குல வெங்காயம் தெரியும். சீஸ்தான் வெளியூர்க்காரங்கள ஆச்சரியப்படுத்துற விஷயம். மொசரெல்லா மட்டும் இல்ல, அமெரிக்கன் சீஸ், செடார், பிரிக் சீஸ்னு கடைக்கு ஒரு கலவை. அதனால இழுத்தா நூல் நூலா வராது, வெண்ணெய் மாதிரி உருகி சாஸோட கலந்து நிக்கும். "அமெரிக்கன் சீஸா, பீட்சாலயா"ன்னு மொகம் சுளிக்கறவங்கள நெறைய பாத்திருக்கேன், முதல் துண்டு முடியறதுக்குள்ள அந்தப் பேச்சு நின்னுடும்.

வெள்ளை பீட்சான்னு ஒண்ணு இருக்காமே?

இருக்கு, தவற விடாதீங்க. கீழ ஒரு மாவு, மேல ஒரு மாவு, நடுவுல சீஸ் கலவை, தக்காளி சாஸே கிடையாது. மேல எண்ணெய் தடவி ரோஸ்மேரி மாதிரி மூலிகை, சில இடத்துல வெங்காயமும் தூவியிருப்பாங்க. நம்ம போளிக்கு உள்ள பூரணம் வைக்கற மாதிரி சீஸ மூடி வச்சதுன்னு நெனச்சுக்கோங்க. ஆறினா ருசி போயிடும், சூடா சாப்பிடணும். முதல் தடவ வர்றவங்க சிவப்பு ஒண்ணு வெள்ளை ஒண்ணுன்னு சொல்லிடுங்க.

எப்படி ஆர்டர் பண்றது?

முழு பீட்சாவ ட்ரேன்னும் துண்ட கட்னும் சொல்லணும். "ட்ரேவா, எத்தன கட்?"னு கேப்பாங்க. ஒரு ட்ரேல பொதுவா 12 கட் இருக்கும், நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு ட்ரே தாராளம். ரெண்டு பேர்னா கட் கணக்குல வாங்கிக்கலாம். வட்டமா வேணும்னா அதத் தனியா சொல்லணும், அங்க அது விதிவிலக்கு. வார நாள்ல சில கடைங்க லீவு விடுவாங்க, அதனால கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுடுங்க, கூட்டமான நாள்னா ட்ரேய முன்னாடியே சொல்லி வச்சுடறது நல்லது.

வெள்ளிக்கிழமை ஏன் அவ்ளோ கூட்டம்?

கத்தோலிக்க ஊரு. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலத்துல வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டாங்க, அப்ப வீட்டுக்கு வீடு சீஸ் பீட்சாதான். சாம்பல் புதன், பெரிய வெள்ளி அன்னிக்கெல்லாம் கடைல அடுப்பு அணையாது. இந்தப் பகுதி முழுக்க சர்ச்சுகள்லயும் நிதி திரட்ட பீட்சா, பியரோகிங்கற போலந்துக் கொழுக்கட்டை, உருளைக்கிழங்கு அடைன்னு போட்டு விப்பாங்க, இத்தாலியும் போலந்தும் ஒரே பந்தில உக்காரும்.

வெஜிடேரியன் சாப்பிடலாமா?

சாதா சிவப்பு ட்ரே, வெள்ளை ட்ரே ரெண்டுலயும் கறி இருக்காது, நான் கூட்டிட்டுப் போற சைவக்காரங்க அததான் சாப்பிடறாங்க. சாஸ்ல ஏதாவது கறிச்சாறு சேக்கறாங்களான்னு ஆர்டர் பண்றப்பவே கேட்டுடுங்க. சில சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற ரென்னெட் இருக்கும், அத ஒதுக்கறவங்களா இருந்தா அதையும் கேக்கணும். காரம் வேணும்னா மொளகாத் தூள் டேபிள்லயே இருக்கும்.

டெட்ராய்ட் பீட்சா, சிசிலியன் பீட்சா எல்லாம் இதே மாதிரிதானே?

ஷேப் ஒண்ணு, மத்தது வேற. டெட்ராய்ட்ல 1946ல பட்டீஸ் கடைல ஆரம்பிச்சது, ஃபேக்டரில உதிரி பாகம் வைக்கற இரும்புத் தட்டுல சுட்டது, ஓரத்துல சீஸ் கருகி சுவர் மாதிரி நிக்கும், சாஸ் மேலாப்ல இருக்கும். சிசிலியன்னா மாவு இன்னும் தடிமன். இதே பகுதிலயே பிட்ஸ்டன் தாண்டி வில்க்ஸ்-பாரி பக்கம் போனீங்கன்னா எண்ணெய்ல வறுபட்டு வர்ற இன்னொரு வகை இருக்கு, வயோமிங்னு ஒரு ஊர்ல விக்டரி பிக்னு கடைல அது பேர் போனது. இருபது மைல் சுத்தளவுல இத்தன பாணி இருக்கறது, ஒவ்வொரு சுரங்கத்து ஊரும் தனித்தனி உலகமா இருந்ததாலதான்னு எனக்குத் தோணும்.

அந்தச் சுரங்கமெல்லாம் இப்ப எங்க? எப்ப மூடினாங்க?

எண்ணெயும் கேஸும் வந்து ஆந்த்ரசைட்ட கொஞ்சம் கொஞ்சமா தள்ளிடுச்சு, 1950கள்லயே பாதி செத்துப் போச்சு. ஆனா இந்தப் பள்ளத்தாக்குல யாரக் கேட்டாலும் ஒரு தேதி சொல்வாங்க, 1959 ஜனவரி 22.

பிட்ஸ்டன் பக்கத்துல போர்ட் கிரிஃபித்ங்கற இடத்துல நாக்ஸ் கோல் கம்பெனி நடத்தின ரிவர் ஸ்லோப் சுரங்கம். சஸ்குவஹானா ஆத்துக்கு அடியிலயே வெட்டிட்டுப் போனாங்க. ஆத்துக்கும் சுரங்கக் கூரைக்கும் நடுவுல குறைஞ்சது 35 அடி பாறை இருக்கணும்னு விதி, அத மீறி வெட்டினாங்க. பனி உருகி ஆறு பெருகி ஓடுன அன்னிக்கு கூரை ஒடஞ்சு ஆறே உள்ள இறங்கிடுச்சு. உள்ள 81 பேர். ஆத்துல பெரிய சுழி, அத அடைக்கறதுக்காக தண்டவாளத்த ஆத்துப் பக்கம் திருப்பி கரி ஏத்துற ரயில் வேகன்கள ஒண்ணொண்ணா அந்தச் சுழிக்குள்ள தள்ளினாங்க, விழுந்த வேகன் அப்படியே காணாமப் போகுது, அந்தப் படம் பாத்தா இன்னிக்கும் வயிறு கலங்கும். உள்ள மாட்டுனவங்க இருட்டுல இடுப்பளவு ஐஸ் தண்ணில காத்து வர்றதுக்காக மேல வரைக்கும் செங்குத்தா வெட்டி வச்சிருந்த ஈகிள்ங்கற பழைய குழியத் தேடிப் போனாங்க. அமதேயோ பங்கோத்திங்கறவர் அம்பது அடி உயரம் கயிறு ஏணி எதுவும் இல்லாம வெறும் கையால ஏறி வெளிய வந்து ஆள் கூப்பிட்டாரு, அவருக்கப்புறம் முப்பது பேருக்கு மேல அந்த வழியாத் தப்பிச்சாங்க. அவருக்கு கார்னெகி வீரப் பதக்கம் குடுத்தாங்க. மொத்தத்துல 69 பேர் வெளிய வந்தாங்க, 12 பேரோட உடம்பு கூடக் கிடைக்கல, இன்னும் அங்கதான் இருக்காங்க.

உள்ள போன தண்ணி 1,000 கோடி கேலன்னு கணக்கு சொல்றாங்க. சுரங்கமெல்லாம் கீழ ஒண்ணோட ஒண்ணு சேந்திருந்ததால பிட்ஸ்டனும் வில்க்ஸ்-பாரியும் இருக்கற வயோமிங் பள்ளத்தாக்கோட ஆழச் சுரங்கத் தொழிலுக்கே அது முடிவாச்சு. அப்புறம் விசாரிச்சா, தொழிலாளர் சங்கத்தோட மாவட்டத் தலைவரே அந்தக் கம்பெனில ரகசியப் பங்குதாரர். இத எழுதறப்பவே எனக்குக் கோவம் வருது, 1902ல பட்டினி கெடந்து வளத்த சங்கம் அது.

வேல போன பின்னாடி ஊர் எப்படிப் பிழைச்சுது?

பொம்பளைங்களாலதான். ஆம்பளைங்களுக்கு வேல கம்மியாக ஆரம்பிச்சப்பவே நியூயார்க் துணி முதலாளிங்க இங்க வந்து தையல் ஃபேக்டரி போட்டாங்க, சுரங்கத் தொழிலாளிங்களோட மனைவி, மகள் எல்லாம் சம்பளம் கம்மியா குடுத்தாலும் வருவாங்கன்னு கணக்கு. அதுல சில ஃபேக்டரி ரவுடிக் கும்பல் கைல இருந்துச்சு. 1944ல மின் மேத்திசன்னு ஒரு அம்மா லேடீஸ் கார்மென்ட் சங்கத்து சார்பா வந்து சேந்தாங்க. பிட்ஸ்டன் தெருவுல ரவுடிங்க முன்னாடி நின்னு மறியல் பண்ணி, சில நூறு பேரா இருந்த சங்கத்த ஆயிரக்கணக்குல வளத்தாங்க. 1958ல பெரிய ஸ்ட்ரைக்கே நடந்துச்சு. வீட்ல ஒரு நிரந்தரச் சம்பளம் வந்தது அந்தப் பொம்பளைங்க கையாலதான், புருஷன் வீட்ல இருந்து சமைச்ச குடும்பங்களும் உண்டு.

நாள் முழுக்க மெஷின்ல உக்காந்துட்டு சாயங்காலம் வர்ற அம்மாவுக்கு ஒரு ட்ரே பீட்சா எவ்ளோ பெரிய நிம்மதியா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சுரங்கம் மூடின பின்னாடியும் பீட்சா கடைங்க மூடலங்கறதுக்கு நான் பாக்கற காரணம் இதுதான். அர்கரோ அண்ட் ஜெனெல் ஆரம்பிச்சதே நாக்ஸ் விபத்துக்கு மூணு வருஷம் கழிச்சுத்தான். அப்புறம் தையல் ஃபேக்டரிங்களும் வெளிநாட்டுக்குப் போயிடுச்சு, கடைங்க அதையும் தாண்டி நிக்குது.

ஆத்துல தண்ணி ஏன் ஆரஞ்சுக் கலர்ல இருக்கு?

சாப்பிட்டுட்டு ஆத்தோரம் நடந்து போனவங்க எல்லாரும் கேக்குற கேள்வி. சுரங்கங்கள்ல தண்ணிய வெளியேத்திட்டிருந்த பம்ப எல்லாம் நிறுத்தினதும் கீழ இருந்த குகையெல்லாம் ரொம்பி வீட்டு பேஸ்மென்ட்ல தண்ணி வர ஆரம்பிச்சுது. 1962ல ஓல்ட் ஃபோர்ஜ்ல பூமிய ஓட்டை போட்டு, ஒரு பெரிய குழாய் இறக்கி அந்தத் தண்ணிய லாக்கவானா ஆத்துல விட்டாங்க. அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் ராப்பகலா ஓடுது, ஒரு நாளைக்குப் பல கோடி கேலன். வெளிய வர்றப்ப தண்ணி தெளிவாத்தான் இருக்கும், அதுல கரைஞ்சிருக்கற இரும்பு காத்து பட்டதும் துருவா மாறி அடில இருக்கற கல்லு மேல எல்லாம் மஞ்சளும் ஆரஞ்சுமா படியும். கிட்டப் போனா துரு வாசனை அடிக்கும். அங்கேர்ந்து சஸ்குவஹானால கலக்கற வரைக்கும் மூணு மைல் கிட்ட மீன் வாழ முடியாத ஆறு. மேல் பக்கம் அதே ஆத்துல ட்ரவுட் மீன் துள்ளுது, அத நெனச்சாத்தான் இன்னும் வருத்தமா இருக்கு. சுத்தப்படுத்தணும்னு ரொம்ப வருஷமா பேசறாங்க, இது கண்டிப்பா நடக்கணும். வீடுகள வெள்ளத்துலேர்ந்து காப்பாத்த வேற வழி இல்லாம பண்ணதுதான், ஆனா கரிய வித்து லாபம் பாத்த கம்பெனிங்க எல்லாம் போயிடுச்சு, பில்லு மட்டும் ஆத்து மேல விழுந்திருக்கு.

அங்க வீடு வாங்கினா தரை உள்ள போயிடுமா?

பயப்பட வேணாம், ஆனா விசாரிக்காம வாங்காதீங்க. கீழ வெட்டின இடத்துல தாங்கி நிக்கற கரித் தூண்கள் இத்துப் போனா மேல நிலம் இறங்கும். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் இதுக்குப் பணம் குடுக்காது. 1961லேர்ந்து பென்சில்வேனியா அரசாங்கமே இதுக்குன்னு தனி இன்ஷூரன்ஸ் நடத்துது, ப்ரீமியம் பெருசா இருக்காது, அட்ரஸ் குடுத்தா கீழ சுரங்கம் இருக்கான்னும் பாக்கலாம். ஸ்க்ரான்டன் சுத்தி வீடு பாக்கற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் நான் சொல்றது, வீடு முடிக்கறப்பவே இதையும் எடுத்துடுங்க.

பிள்ளைங்களுக்கு சுரங்கம் காட்டலாமா?

கண்டிப்பா. ஸ்க்ரான்டன்ல மெக்டேட் பார்க்ல லாக்கவானா கோல் மைன் டூர் இருக்கு, 300 அடி கீழ வண்டில இறக்கிக் கூட்டிட்டுப் போவாங்க, குளிர்காலத்துல கிடையாது. வெளிய வெயில் கொளுத்துனாலும் உள்ள குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. கீழ ஒரு இடத்துல லைட்ட அணைச்சுக் காட்டுவாங்க, கைய மூஞ்சிக்கு நேரா வச்சாலும் தெரியாது. பக்கத்துலயே ஆந்த்ரசைட் மியூசியம். காலைல இத முடிச்சுட்டு மத்தியானம் ஓல்ட் ஃபோர்ஜ் போனா ட்ரே முன்னாடி உக்காரறப்ப பிள்ளைங்களே கேள்வி கேப்பாங்க. ஆகஸ்ட்ல வந்தீங்கன்னா பிட்ஸ்டன்ல தக்காளித் திருவிழாவும் பாக்கலாம்.

வீட்ல செய்ய முடியுமா?

கடை ருசி அப்படியே வராது, ஆனா கிட்ட வரும். மாவு, ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, தண்ணி விட்டு கொஞ்சம் தளரவே பிசைஞ்சு பொங்க வைங்க. விளிம்பு உள்ள பெரிய அலுமினிய ட்ரேல அடி முழுக்க தேங்கற அளவு கடலை எண்ணெய் விட்டு மாவ விரலால தட்டிப் பரப்புங்க, சுருங்கிட்டு வந்தா பத்து நிமிஷம் விட்டுட்டுத் திரும்பத் தட்டுங்க. மூடி வச்சு இன்னொரு தடவ பொங்கணும், இந்த ரெண்டாவது பொங்கல விட்டா காத்தோட்டம் வராது. சாஸுக்கு வெங்காயத்தப் பொடியா நறுக்கி நல்லா வதக்கி தக்காளி, ஒரெகனோ, ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு கெட்டியாக்கி ஆற வைங்க. மொசரெல்லா, வெள்ளை செடார், அமெரிக்கன் மூணையும் கலந்து ஓரம் வரைக்கும் போடுங்க. 450 டிகிரி ஃபாரன்ஹீட்ல ஓவனோட கீழ்த் தட்டுல வச்சு அடி செவக்கற வரைக்கும் விடணும். மேல மட்டும் பாத்து எடுத்தா அடி வெளுப்பா இருக்கும், ஓரத்தத் தூக்கிப் பாத்துட்டு எடுங்க.

எந்தக் கடை பெஸ்ட்?

இதுக்கு ஒரு கடை பேரு சொன்னா அந்தப் பக்கம் என்னால தலை காட்ட முடியாது. நல்ல வழி ஒண்ணு இருக்கு. ரெண்டு மூணு குடும்பமா வந்தீங்கன்னா ஆளுக்கொரு கடைல சாதா சிவப்பு அர ட்ரே வாங்கிட்டு ஒரே இடத்துல வச்சு சாப்பிட்டுப் பாருங்க, மேல டாப்பிங் எதுவும் வேணாம், இருந்தா சாஸும் சீஸும் மறைஞ்சுடும். உங்க நாக்குக்கு எது ஒத்துவருதுன்னு ரெண்டு கட்ல தெரிஞ்சுடும்.

மிச்சம் ஆயிடுச்சுன்னா?

மைக்ரோவேவ்ல வைக்காதீங்க, சொதசொதன்னு ஆயிடும். தோசக்கல்ல சிம்ல வச்சு பீட்சாத் துண்ட அப்படியே வச்சு மூடிடுங்க, எண்ணெய் ஊத்த வேணாம், அடில இருக்கற எண்ணெயே போதும். நாலஞ்சு நிமிஷத்துல அடி திரும்ப மொறுமொறுன்னு ஆகி சீஸும் உருகிடும். மறுநாள் காலைல இப்படிச் சூடு பண்ணின ஓரத் துண்டுதான் எங்க வீட்ல முதல்ல தீரும்.